நீக்கச் சொன்ன வரி

பாஸ்வேர்டு வலுவானதா என்று பார்த்துச் சொல்லவும், கேட்டால் புதிதாகப் போட்டுத் தரவும் ஒரு நிரல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வருடம் அதை எழுதியவள் அவள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவள் பெயர் இருந்தது. மேலாளரின் தங்கை கணவன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் அது போய், அவன் பெயர் வந்து உட்கார்ந்தது. அலுவலகமே அவனை மாப்பிள்ளை என்றுதான் அழைத்தது. மாப்பிள்ளை முறுக்கைத் தவிர அவனிடம் வேறு சரக்கு கிடையாது.

அவள் பெயரைத் தேடித் தேடி அழிக்கச் சோம்பல்பட்டு, அவள் எழுதிவைத்த குறிப்புகளை எல்லாம் ஒரேயடியாகத் துடைத்துவிட்டான். 'இது சோதனைக்கு மட்டும், வெளியே கொடுக்குமுன் அடுத்த வரியை நீக்கவும்' என்ற குறிப்பும் அதோடு போயிற்று. வரி மட்டும் தங்கிவிட்டது. அது இருக்கும்வரை, நிரலை எத்தனை முறை புதிதாகத் திறந்தாலும் முதலில் வருவது ஒரே பாஸ்வேர்டுதான்.

அவள் போய்ச் சொன்னாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சிரித்தான். உன் வேலையைப் பார் என்றார் மேலாளர். நாசமாய்ப் போங்கள் என்று மனதாரச் சபித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

வாங்க வந்தவர்கள் ஒரு மருத்துவமனைக்காரர்கள், இரண்டு பேர். அவளைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். வந்திருந்த அம்மாள் தன் மடிக்கணினியில் நிரலைத் திறந்து ஒரு புது பாஸ்வேர்டு கேட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் தன்னுடையதில் கேட்டார். அம்மாள் இரண்டு திரைகளையும் அருகருகே வைத்தார்.

"எங்க நோயாளிங்க எல்லாருக்கும் இதே பாஸ்வேர்டுதானா?"

மாப்பிள்ளை தன் கணினியில் நிரலை மூடித் திறந்தான். பெரிய திரையிலும், அவன் பெயருக்குக் கீழே, அதே பதினைந்து எழுத்து வந்தது. அவன் பேயறைந்தவன்போல நின்றான்.

மேலாளர் அவளிடம் வந்து குனிந்தார். "நீ எழுதினதுதானே, வந்து சரி பண்ணு."

"அத அவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வந்தவர்கள் திரையில் இருந்த பெயரையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து போய் அந்த ஒரு வரியை நீக்கினாள். நிரலைப் புதிதாக ஏற்றித் திறந்ததும் மூன்று கணினியிலும் மூன்று வேறு பாஸ்வேர்டு வந்தது. பிறகு விசைப்பலகையை மாப்பிள்ளை பக்கம் தள்ளினாள்.

"உங்க பேர நீங்களே எடுங்க. நாங்க பாத்துட்டு இருக்கோம்."