பின்பக்கத்து வேண்டாம்

மருமகளுக்கு அன்று காலையிலேயே தலை வெடித்துவிடும் போலிருந்தது. மருத்துவக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரங்களை மாமனார் தயாரிக்கிறார். செய்முறைத் தாளை எழுதுவது அவள். பக்கம் அமைப்பது கொழுந்தன். வீட்டுச் சண்டையை ஆபீசுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். இந்தக் குடும்பத்தில் ஆபீஸ் சண்டைதான் சாப்பாட்டு மேசைவரை வரும்.

தாளின் முன்பக்கக் கடைசி வரி இப்படி நின்றிருந்தது: "முள் சிவப்பில் இருக்கும்போது மூடியைத் திறக்க". அடுத்த சொல்லான "வேண்டாம்" இடமில்லாமல் பின்பக்கத்துக்குப் போய், உத்தரவாத விவரங்களுக்கு மேலே அநாதையாகக் கிடந்தது.

"இந்த ரெண்டு வார்த்தையும் பிரியவே கூடாது. பார்க்க, காண்கன்னு போடுற மாதிரி இதையும் திறக்கன்னு உத்தரவாவே எடுத்துக்குவாங்க," என்றாள்.

"திருப்பினா இருக்கு, அண்ணி. ஒரு வார்த்தைக்காகப் படத்தைச் சுருக்கச் சொல்றீங்களா?"

படத்தில் மாமனார் இயந்திரத்தின்மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுருக்க அந்த வீட்டில் யாருக்குத் துணிச்சல்? அவள் நேராக அவரிடமே போனாள்.

"எழுத்தெல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு? நீ எப்பவும் புள்ளிக்கும் கோட்டுக்கும் மல்லுக்கு நிப்பே," என்று சொல்லிவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். புள்ளியும் கோடும் போனால் தமிழில் என்னதான் மிஞ்சும் என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

முதல் இயந்திரத்தை வாங்கிய சின்ன மருத்துவமனைக்கு மூவரும் போனார்கள். கொழுந்தன் தாளுக்குப் பசை தடவிச் சுவரில் ஒட்டினான். பின்பக்கம் சுவரோடு சுவராகப் போனது.

"அதை எடுத்துடுங்க, தம்பி."

"இங்கேயும் ஆரம்பிச்சுட்டீங்களா, அண்ணி?"

இயந்திரம் உறுமத் தொடங்கியது. அழுத்தம் காட்டும் முள் ஏறிச் சிவப்பைத் தொட்டது. மாமனார் மருத்துவரிடம் தன் தயாரிப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். நர்ஸ் பொறுப்பான பெண். சுவரைப் படித்தாள், முள்ளைப் பார்த்தாள், கையுறையை மாட்டிக்கொண்டு மூடியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"வேண்டாம்," என்று கத்திக்கொண்டே மருமகள் பாய்ந்து அவளைப் பின்னால் இழுத்தாள். அதற்குள் லேசாக அசைந்துவிட்ட மூடியின் விளிம்பிலிருந்து நீராவி சீறியது. நர்ஸின் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் புகை.

நர்ஸ் சுவரைக் காட்டி, "அதுலதாங்க போட்டிருக்கு," என்றாள்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"திறக்க வேண்டாம்னா அதைத் தெளிவா எழுத வேண்டியதுதானேம்மா?"