அக்காவின் குரல் போன கணக்கு

தண்ணீர் விஷயமாக நடந்த மூன்றாவது கூட்டத்தில், பதினொன்றே கால் மணிக்கு, ஒருங்கிணைப்பு அலுவலகத்து அக்கா வாயைத் திறந்ததும் சாயப்பட்டறை மேஸ்திரியின் கரகரத்த குரல் வெளியே வந்தது. மேஸ்திரி அந்த அறையிலேயே இல்லை. நர்ஸம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

அப்போதெல்லாம் எங்கள் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. இதற்காக மூன்று சங்கங்கள் பாடுபட்டன. மூன்றும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது. குழாயடிப் பெண்களுக்குப் பட்டறையை மூட வேண்டும். பட்டறைத் தொழிலாளர்களுக்கு மூடினால் அடுப்பு எரியாது. நர்சுகளுக்கு மற்ற இருவருமே விவரம் தெரியாதவர்கள். ஆகவே முடிதிருத்தும் கடை மாடியில் ஒற்றை அறையில் அந்த அலுவலகம் வந்தது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, அக்கா. எல்லோரையும் சேர்ந்து வேலை செய்ய வைப்பதுதான் அவள் வேலையாம். இதுவும் ஒரு வேலையா என்று நாங்கள் சிரித்தோம். "அவங்க வந்தா நாங்க வரமாட்டோம்" என்று ஒவ்வொருவரும் முறுக்கிக்கொண்டதால், வராதவர் சொன்னதை வந்தவரிடம் அவளே சொன்னாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அத்தனை பத்திரமாகச் சுமந்ததில், சொல்லோடு குரலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் புருஷன் முதலில் ரசித்தார். ஒரு காலையில் அடுக்களையிலிருந்து, "ஏங்க, சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று மேஸ்திரியின் குரல் கேட்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அதன்பின் ரசிக்கவில்லை. "போதும்மா. உன் குரல்ல இருக்கிற கொஞ்சநஞ்சமும் போயிடும். விட்டுடு" என்றார். "இன்னும் ஒரே ஒரு கூட்டம்ங்க" என்றாள், நர்ஸம்மாவின் குரலில்.

அந்தக் கூட்டத்துக்கு மூன்று சங்கமும் ஒன்றாக வந்தன. ஒற்றுமை ஒன்றும் பொங்கவில்லை. தன்னைப் போல அவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்கத்தான் ஒவ்வொருவரும் வந்தார்கள். அவரவர் தன்னிடம் சொன்னதை எழுதிவைத்த நோட்டை அக்கா பிரித்தாள். மேஸ்திரி எதிரில் வாயை மூடி உட்கார்ந்திருக்க, அவருடைய குரல் சொன்னது: "எம் பேத்திக்கும் அதே தடிப்புதான். சாயத் தண்ணிய விட எந்த மதகைத் திறக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். சொன்னா பட்டறைய மூடிடுவாங்களே." குழாயடித் தலைவி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "மூட வேணாம்ணே. சுத்தம் பண்ணி விடட்டும். நீங்க மதகைக் காட்டுங்க, நாங்க முன்னால நிக்கிறோம்" என்றாள். தடிப்பு வந்த பிள்ளைகளின் பட்டியலைத் தருவதாக நர்ஸம்மா ஒப்புக்கொண்டார். எழுந்திருக்கும்போதுதான் யாருக்கோ தோன்றியது: "நீங்க என்ன சொல்றீங்க, அக்கா?" அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

பதினான்கு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. மூன்று சங்கங்களும் தங்களால்தான் என்று தனித்தனியே பலகை வைத்தன. மூன்றிலும் அலுவலகத்தின் பெயர் இல்லை. அந்தப் பதினான்கு மாதமும் புருஷன் மட்டும் வீடு வீடாகப் போய், "எங்க வீட்டுக்காரி குரல் இங்க எதுவும் தங்கியிருக்கா?" என்று விசாரித்தார். நாங்கள் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தோம்.

அது குழாயில் இருந்தது. முதல் தெளிந்த தண்ணீரோடு எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் வந்தது: "நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம், மறந்துடாதீங்க." சிலர் பயந்து இறுக மூடினார்கள், பாதிச் சொல் குழாய்க்குள்ளேயே நின்று, மறுநாள் திறந்தபோது முடிந்தது. இப்போது பழகிவிட்டது. கூட்டத்துக்கு யாரும் தாமதமாக வருவதில்லை. அக்கா மாடியில் உட்கார்ந்து எழுதிக் காட்டுகிறாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் புருஷன் அவளைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் குழாயைத் திறக்கிறார். "சாப்டீங்களா?" என்று கேட்கிறது தண்ணீர். அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார். தொட்டி நிறைந்து தெருவரை வழிகிறது. வீணாகிறது என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை.