காலுறை போட்ட புட்டி

ரெமியின் ஒயினுக்குப் பதக்கம் கிடைத்ததைக்கூட மார்சியல் பொறுத்துக்கொண்டான். "அவன் ஒயின் என்னமா மணக்குது" என்று சொந்தப் பெண்டாட்டி சோலாஞ்ச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஊரிலேயே நல்ல மூக்கு மார்சியலுக்குத்தான் என்று பேர். கோப்பையை மோந்து பார்த்தே எந்தச் சரிவில் விளைந்த திராட்சை என்று சொல்லிவிடுவான். பக்கத்துத் தோட்டத்து ரெமியோ மருந்தடிப்பதையே விட்டுவிட்டு, கொடிகளுக்கு நடுவே புல் மண்ட விட்ட சோம்பேறி. மருந்து படாத ஒயின் என்று அந்தப் புல்லைத் தேடித்தான் பாரிஸ்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். பார்க்கப் பார்க்க மார்சியலுக்கு வயிறு எரிந்தது.

அறுவடை முடிந்ததும் ஊர்க் கூடத்தில் வழக்கம்போல ருசிப் போட்டி வைத்தார்கள். யாருடைய ஒயின் என்று தெரியாதபடி புட்டிகளுக்கெல்லாம் காலுறை மாட்டியிருந்தது. மார்சியல் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி வந்தான். கொஞ்ச நாளாக அப்படி ஒரு பழக்கம். முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனான். வாசமென்று ஒன்றுமே இல்லை. உள்ளூர ஒரே குதூகலம்.

"டேய் ரெமி, உன் சரக்குதானே இது? பாத்திரம் கழுவின தண்ணி தேவலாம்."

"உருவித்தான் பாரேன்" என்றான் ரெமி.

உருவினார்கள். மார்சியலின் சொந்த லேபிள். கூடமே சிரித்தது. மார்சியல் அடுத்த கோப்பையை எடுத்து மோந்தான், அதற்கடுத்ததையும் மோந்தான். எதிலும் வாசம் இல்லை.

சோலாஞ்ச் மட்டும் சிரிக்கவில்லை. "மருந்தடிச்ச சட்டையோடயே சாப்பிட உக்காருவே. நாறுதுன்னு சொன்னா, எங்க நாறுதும்பே. திமிருன்னுல்ல நெனச்சேன்."

ரெமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "எங்கப்பாவுக்கும் மொதல்ல மூக்குதான் போச்சு. கை நடுங்கினதெல்லாம் அப்புறம். இத்தனை வருஷம் அடிச்ச மருந்துதான்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் நான் விட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. 'உன் ஒயின் விக்கலேன்னு என்னையும் கெடுக்கப் பாக்குறியா'ன்னு நீதான் கேட்டே."

மார்சியலுக்கு மறுபடி வயிறு எரிந்தது. பதக்கமும் வேண்டாம், பாரிஸ்காரர்களும் வேண்டாம். ரெமி கோப்பையைச் சுழற்றி ஒரு தரம் மோந்துகொண்டான், தளும்பாமல், சாதாரணமாக. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

"உங்கப்பாவுக்கு எந்தக் கையில ஆரம்பிச்சுது?"

"எடது கையில. ஏன்?"

பைக்குள்ளிருந்த கையை மார்சியல் இறுக்கி மூடிக்கொண்டான்.

"சும்மாதான் கேட்டேன்" என்றான்.