ஓரகத்தி கையால் பால்

எழுபத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் பாலக்காட்டுப் பக்கத்து ஊரான பெருமாட்டியில் பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த வந்தார்கள். பூவாத்தாளின் மகள் மயிலாத்தாளும், கொழுந்தன் மனைவியான ஓரகத்தி ராசம்மாளின் மகள் ருக்குமணியும் ஒரே வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வயது.

ருக்குமணிக்குக் குத்தின இடத்தில் கொப்புளம் எழும்பிப் பொருக்குத் தட்டியது. அவ்வளவுதான். மயிலாத்தாளுக்கோ அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு, உடம்பெல்லாம் வட்டவட்டமாகச் சிவந்தது. உதடு வீங்கி, வாய்க்குள் தோல் உரிந்தது. இமைகள் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "எத்தனையோ ஆயிரம் குழந்தைகளுக்குக் குத்துறோம். எப்பவாவது ஒரு உடம்புக்கு ஒத்துக்காமப் போகும். யார் மேலயும் குத்தமில்ல."

"அதே மருந்துதானுங்க இவ புள்ளைக்கும்," என்று பூவாத்தாள் பக்கத்தில் நின்ற ராசம்மாளைக் காட்டினாள். "அந்தப் புள்ளைக்கு மட்டும் ஏனுங்க ஒண்ணுமாகல?"

"அது எங்களுக்கும் தெரியலம்மா."

துணைக்கு வந்திருந்த ராசம்மாளைப் பார்க்கப் பார்க்கப் பூவாத்தாளுக்கு வயிறு எரிந்தது. இவள் பெண் இந்நேரம் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டிருப்பாள்.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று வந்தது. பால் ஊட்டும்போது பதற்றத்தில் பூவாத்தாளின் கரண்டி வாய்ப்புண்ணில் பட்டுவிட, மயிலாத்தாள் அதன்பின் அம்மாவிடம் வாயே திறக்கவில்லை. ராசம்மாள் பஞ்சைப் பாலில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குழந்தை விழுங்கியது. கண் திறக்க முடியாமலே, "சின்னம்மா" என்று கையைத் துழாவியது.

"நீ ஊட்டுக்குப் போ ராசு. உம்புள்ளயப் போய்ப் பாரு."

"அக்கா, நான் இருக்கறனுங்க…"

"போன்னு சொல்றனல்லோ!"

ராசம்மாள் போய்விட்டாள். மயிலாத்தாள் மறுநாள் முழுக்க ஒரு சொட்டுக்கூட இறக்கவில்லை. இனி மூக்கு வழியாகக் குழாய்தான் என்றார் டாக்டர். கணவன் ரத்தினசாமியைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டுப் பூவாத்தாள் பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலில் ருக்குமணி ஓடி வந்து, "பெரியம்மா, மயிலா எங்கீங்க?" என்று கேட்டாள். பூவாத்தாள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பொருக்கு உதிர்ந்து தழும்பு மட்டும் இருந்தது. வழவழவென்ற கன்னம், சிவந்த முழு உதடு. இவளுக்கு வந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே ராசம்மாள் அடுப்பு முன்னால் இருந்தாள். பூவாத்தாள் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"வா. உங்கையிலதான் குடிக்கிறா."

ராசம்மாள் எழுந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

மயிலாத்தாள் சின்னம்மா கையில் குடித்தாள்; குழாய் தேவைப்படவில்லை. மாசி பிறந்தபோது புண்கள் ஆறியிருந்தன. கண்ணுக்குச் சேதமில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மயிலாத்தாள் சின்னம்மா மடியில் தூங்கிப்போனாள்.

"உனக்குக் கால் மரத்துப் போயிருக்கும். இங்க குடு."

"இல்லீங்க்கா, தூங்கட்டும்."

"குடு, ராசு."

ராசம்மாள் கொடுத்தாள். பூவாத்தாள் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.