படமாக வந்தால் ஏற்பதில்லை

இருங்காட்டுக்கோட்டையில் இன்ஜினியராக இருந்த சுபஸ்ரீக்குச் சம்பளமில்லாத ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்று உண்டு. ப்ரெஸ் மெஷினுக்குள் கை போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாருக்கு, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரகடத்துச் சின்னப் பட்டறைகள் அதைத்தான் போட்டிருந்தன. அதன் தமிழ்க் கையேடு அவள் பொறுப்பு.

கையேட்டை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதற்குத்தான் மூன்று மாதம் சண்டை. வேர்டு, பிடிஎஃப், வாட்ஸாப் குரல் என்று ஆளுக்கொன்றாக வந்து குப்பைக்காடாகியிருந்தது. சுபஸ்ரீதான் எல்லோரோடும் மல்லுக்கட்டி, கம்ப்யூட்டரில் அடித்த எளிய எழுத்துக் கோப்பு மட்டுமே ஏற்கப்படும் என்று முடிவு கட்டினாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. ஒழுங்கு நல்லதுதான், யார் இல்லை என்றது.

ஆடி மாதத்தில், ஒரகடத்துப் பட்டறை ஒன்றிலிருந்து நாகப்பன் என்ற ஃபிட்டர் ஒரு போட்டோ அனுப்பினார். ஜாப் கார்டு என்கிற வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: "கரண்ட் போய் வந்தால் சென்சார் தானாக வேலை செய்யும் என்று கையேட்டில் இருக்கிறது. தப்பு. பச்சை விளக்கு எரியும், சென்சார் வேலை செய்யாது."

சுபஸ்ரீ படித்தாள். படித்துவிட்டு, எல்லோருக்கும் அனுப்பும் பதிலையே அவருக்கும் அனுப்பினாள்: பங்களிப்புக்கு நன்றி, படமாக வந்தால் ஏற்பதில்லை.

கையேட்டில் இருந்த நம்பருக்கு நாகப்பன் போன் செய்தார். "மேடம், எனக்கு கம்ப்யூட்டர்லாம் தெரியாது. நீங்களே ஒரு வரி அடிச்சி போட்டுடுங்களேன். நான் சொன்னா சூப்பர்வைசர் கேக்க மாட்டேன்றாரு. புக்குல இருந்தாதான் கேப்பாரு."

"ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும் சார். ரூல்னா ரூல்தான்."

அந்தப் போன் வந்த பதினெட்டாம் நாள், நாகப்பனின் பட்டறையில் மதிய ஷிப்டில் கரண்ட் போய் வந்தது. பச்சை விளக்கைப் பார்த்து, லோகேஷ் என்ற ஆபரேட்டர் கையை உள்ளே விட்டான். வலது கை, மணிக்கட்டோடு போயிற்று. பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது அவளுடைய கையேடு. ஆஸ்பத்திரியிலிருந்து நாகப்பன்தான் போனில் சொன்னார்.

சுபஸ்ரீ உடனே உட்கார்ந்து அந்த வரியைத் தானே அடித்தாள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது இன்னொருத்தன் கை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திருத்தத்தின் கீழே தந்தவர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். அதுவும் அவள் போட்ட விதிதான். நாகப்பனைக் கூப்பிட்டாள்.

"உங்க பேரைப் போட்டுடறேன் சார்."



"என் பேரு வேணாம் மேடம். அவன் சம்சாரம் இங்க ஒக்காந்துகினு, யாருக்குமே முன்னாடி தெரியாதான்னு கேட்டுகினு கீது. எனக்குத் தெரிஞ்சத நான் உங்க கையில குடுத்துட்டேன். உங்க பேரையே போடுங்க."

பெயர் கேட்ட இடத்தில் சுபஸ்ரீ என்று அடித்தாள். தேதி கேட்ட இடத்தில், போட்டோ வந்த நாளைப் போட்டாள்.