வந்த நேரம்

இராஜாக்கமங்கலம் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த நேசபாய், யுத்தகாலத்தில் மூன்று வருஷம் பெண்கள் படைப்பிரிவில் இருந்தவள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு விமானத்தளத்தில் காக்கி உடுத்தி வேலை பார்த்தாள். ஊருக்கு அது தெரியாது. மெட்ராஸில் ஏதோ பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்று அண்ணன் ஜெயசிங் சொல்லி வைத்திருந்தான். பட்டாளத்தில் இருந்த பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள் என்பது அவன் பயம். எப்போதாவது பள்ளிக்கூடத்துக்கு மேலே விமானம் போனால் பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள். சத்தத்தை வைத்தே எத்தனை என்ஜின் என்று நேசபாய்க்குத் தெரியும். யாரிடம் சொல்வது?

1949இல் ஒரு சனிக்கிழமை, கொட்டாரம் என்ற ஊரிலிருந்து நேசபாய்க்கு வந்த சம்பந்தத்தைப் பேசி முடிக்கச் சபை உபதேசியார் ஏசுஅடிமை அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, திருவட்டாற்றிலிருந்து சுயம்புலிங்கம் என்று ஒரு பெரியவர் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் மகன் கிருஷ்ணமணி அதே விமானத்தளத்தில் மெக்கானிக்காக இருந்தவன். பழுது பார்த்த விமானத்தை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவர்களோடு அவனும் ஏறினான், விமானம் திரும்பவில்லை. காணவில்லை என்று ஒரு தந்தி வந்ததோடு சரி. அங்கே சமையல் செய்த இஞ்ஞாசி என்பவன்தான், நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே வயர்லெஸ்ஸில் இருந்தாள் என்று இப்போது சொல்லியிருக்கிறான்.

ஆள் மாறிப் போச்சு, அப்படி யாரும் இங்கே இல்லை என்றான் ஜெயசிங். பெரியவர் உபதேசியாரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

அடுக்களையில் மாவரைத்துக்கொண்டிருந்த நேசபாய், கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள்.

"நாந்தான் அய்யா. நான் அங்கதான் இருந்தேன்."

உபதேசியார் டம்ளரைக் கீழே வைத்தார். ஜெயசிங் எழுந்து வெளியே போனான்.

போகும் விமானத்தையும் வரும் விமானத்தையும் பலகையில் எழுதுவதும், வயர்லெஸ்ஸில் கூப்பிடுவதும் தன் வேலை என்று அவள் சொன்னாள். அந்த விமானம் காலை பத்தரைக்குப் போனது.

"அவன் கடைசியா எதாம் சொன்னானா, மக்கா?"

எதையாவது சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல நா வரவில்லை.

"ஒண்ணும் கேக்கல்ல அய்யா. பொழுது அடையுறது வரைக்கும் கூப்பிட்டேன். வந்த நேரம் எழுதுற கட்டம் காலியாட்டே கெடந்தது. நாலு நாள் நான் அழிக்கல்ல. அஞ்சாம் நாள் ஆபீசர் அழிக்கச் சொல்லிட்டாரு."

பெரியவர், இதை வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டியிடமும் சொல்வாயா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை நேசபாய் நாகர்கோவில் போய் பஸ் மாறித் தனியாகத் திருவட்டாறு போனாள். அதற்குள் கொட்டாரத்திலிருந்து வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது. அண்ணன் பேச்சை நிறுத்தியிருந்தான்.

கிருஷ்ணமணியின் அம்மா பகவதி மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை.

"நீ அவனக் கண்டிட்டுண்டா?"

"இல்லம்மா. பேரு மட்டுந்தான் தெரியும்."

பகவதியின் கையிலிருந்த கத்தி நின்றது. "ஒனக்கு ஆரு உண்டு மக்கா?"

அண்ணன் உண்டு, சபை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தாள் நேசபாய். கிழங்குத் தோல்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள்தான் அழுதாள்.

பிறகு சாப்பிட்டாள். தளத்துச் செம்மண் புழுதியையும், என்ஜின் சூட்டில் கைவெந்த மெக்கானிக்குகளையும், தகரக் கூரை அதிர்வதையும் பற்றிப் பேசினாள். ஊருக்குத் திரும்பிய நாலு வருஷத்தில் யாரும் கேட்டிராத பேச்சு. கிழவனும் கிழவியும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு சுயம்புலிங்கம் கூடவே நடந்து வந்து ஏற்றிவிட்டார்.

வீட்டில் அவளுடைய சோறு மூடி வைத்திருந்தது. எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.