ரெண்டு பல்லு வால்ரஸ்

அறுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் அத்தான் பாலகோபால் மில் வேலையாக நார்வேக்குப் போனார். அக்காவுக்குத் துணையாக என்னையும் கூட்டிப்போனார். அங்கிருந்து வடதுருவக் கடலுக்குக் கப்பல் ஏறினோம். வாந்தி தாங்காமல் அவர்கள் இருவரும் அறையிலேயே படுத்துவிட்டார்கள். மேல்தளத்தில் நின்று பார்த்ததும் படம் எடுத்ததும் நான்தான்.

ஊர் திரும்பியதும் மலை நடைச் சங்கத்தில் அதைப் பற்றிப் பேச அழைப்பு வந்தது, அத்தான் பெயருக்கு. சங்கத்தில் பெண்கள் கிடையாது. விலங்கியல் படித்தவள், புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்வாள் என்று என்னை உள்ளே விட்டார்கள்.

தை மாதம் சங்கம் ஆனைமலைக்குப் போகிறது. எனக்கும் போக வேண்டும். தலைவர் கந்தப்பன் சம்மதித்தால் போதும்.

"அவரு மனசு கோணாம இன்னிக்கு முடியட்டும், கேட்டுப் பாக்கறேன்," என்றிருந்தார் அத்தான்.

கந்தப்பன் கிணத்துக்கடவுக்காரர். பொள்ளாச்சிச் சந்தையில் வாயைப் பிடித்து, எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று பார்த்து மாட்டின் வயதைச் சொல்வார். அவர் சொன்ன பிறகு வேறு யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

விளக்கை அணைத்தார்கள். "இது கடலுங்க," என்றார் அத்தான். அடுத்த படம். "இதுவும் கடலுங்க."

"கரை எப்பங்க வரும்?" என்றது இருட்டில் ஒரு குரல்.

மூன்றாவது படத்தில் பனிக்கட்டிமேல் வால்ரஸ் என்ற பெரிய கடல்விலங்கு ஒன்று படுத்திருந்தது. கீழ்நோக்கி நீண்ட இரண்டு தந்தங்கள். அத்தான் திரும்பிப் பார்த்தார். பெயரை முணுமுணுத்தேன்.

"வயசு என்னங்க இருக்கும்?" என்று கேட்டார் செயலாளர் காளிச்சாமி.

"ரெண்டு பல்லுதான்," என்றார் கந்தப்பன். "ரெண்டரை வயசு. இன்னும் ஏர்ல கட்டியிருக்க மாட்டாங்க."

"ஆமாங்க, கன்னுதானுங்க," என்றார் அத்தான்.

"இல்லீங்க, அது கெழடுங்க."

சொன்னது நான்தான் என்று எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

"பல்லு எத்தனைங்க அம்மணி?" என்றார் கந்தப்பன், நிதானமாக.

"வெளிய தெரியறது எப்பவும் ரெண்டுதானுங்க. வயசாக ஆக நீளுமுங்க. கழுத்துல தோலு முடிச்சு முடிச்சா இருக்குது பாருங்க. வயசான ஆணுக்குத்தான் அப்படி."

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனைமலை போயிற்று என்று நான் அடுத்த படத்தைத் தள்ளப் போனேன்.

"இருங்க." கந்தப்பன் எழுந்து திரையருகே போனார். மாட்டின் தாடையைப் பிடிப்பதுபோல் வால்ரஸின் மோவாயைப் பிடித்தார். திரையாகக் கட்டியிருந்த வேட்டி ஆடியது.

"வாய மூடிக்கிட்டிருக்குது. பின்னே எப்படிச் சொல்றது?" என்றார். என் பக்கம் திரும்பி, "ஆனைக்கும் வெளிய ரெண்டுதானுங்களே?"

"ஆனைக்குக் காதைப் பாக்கோணுங்க. வயசானா மேல் ஓரம் மடங்கிரும்."

"போன தடவ அந்த ஆனையக் கன்னுன்னு சொல்லித்தானுங்களே கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க," என்றார் காளிச்சாமி. "அதான் தொரத்துச்சுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. இருமினார்கள்.

"காளிச்சாமி, தை மாசத்துக்கு அம்மணி பேரையும் சேத்துக்க."

"பொம்பளைங்களச் சேக்கறதில்லீங்களே."

"தொரத்துனப்ப எல்லாத்துக்கும் முன்னால ஓடுனவன் நீ. பேசாம எழுது." கந்தப்பன் வந்து உட்கார்ந்தார். "அடுத்ததப் போடுங்க அம்மணி."

போட்டேன். அவசரத்தில் பின்னுக்குத் தள்ளியதில் பழைய கடல் படமே வந்தது.

"இது கடலுங்க," என்றார் அத்தான்.